இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவே

காக்கிச் சட்டையைக் கண்டால் அருளப்பனுக்குத் தமிழ் மறந்துபோகும். போலீஸ் காக்கி என்றில்லை, எந்தக் காக்கியும். குருபரப்பள்ளி ரோட்டோரத்தில் அவர் மனைவி சவேரியம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். தபால்காரர் நாராயணப்பன் பல வருஷமாக அங்கே காலையில் நாலு இட்லி தின்றுவிட்டுத்தான் அடுத்த ஊருக்குச் சைக்கிளை மிதிக்கிறார். அவர் வந்து, சட்னி இன்றைக்குக் காரமா என்று கேட்டால் போதும், இந்த மனுஷன் விறைத்துக்கொண்டு எழுந்து, "கொத்தில்லா, தமிழ் கொத்தில்லா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் நழுவிவிடுவார். அதே நாராயணப்பன் ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து மழையையும் மாங்காய் விலையையும் பற்றித் தமிழில் அளந்து தள்ளுவார்கள். சவேரியம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். கட்டிக்கொண்ட பாவத்துக்கு ஒருத்தி எதை எதைத்தான் சகிப்பாள்?

இன்னும் கேளுங்கள். கிருஷ்ணகிரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓசூர் பஸ்ஸில் ஏறுவார். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க வந்தால் அடுப்பங்கரைக்குள் போய் நின்றுகொள்வார். ஓட்டர் லிஸ்டுக்குப் பெயர் எழுத வந்தவர்களிடம் இந்த வீட்டில் ஆம்பிளையே கிடையாது என்று அவரே வாசலில் நின்று சொன்னார். அவர்கள் அவர் மீசையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்பார். இருபது வருஷமாக அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அவர் இப்படி ஆன கதையும் சொல்லவேண்டும். சேலத்துப் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டினார், சங்கம் வைத்தார், கம்யூனிஸ்ட் ஆனார். வெள்ளைக்காரன் போன கையோடு கட்சிக்காரர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்தார்கள், பிறகு கட்சிக்கே தடை வந்தது. இவர் எல்லை தாண்டி மைசூர் ராஜ்ஜியத்து ஆனேக்கல்லுக்கு ஓடி, கரியப்பன் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒரு மாட்டுத் தரகரிடம் வேலைக்கு நின்றார். தமிழே தெரியாத ஆளாக நடித்துக் காலத்தை ஓட்டினார். இங்கே கைக்குழந்தை மேரிராணியோடு இருந்த சவேரியம்மாளை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, எங்கே உன் புருஷன் என்று நாள் முழுக்க நிற்க வைத்தார்கள். அவள் என்ன சொல்வாள்? வேறொருத்தியை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார் என்று ஒப்பாரி வைத்தாள். போலீஸ் நம்பியதோ இல்லையோ, ஊர் நம்பிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிற்பாடு அவளே போய் அது நான் சொன்ன பொய் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னபோது, ஐயோ பாவம், புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஆனேக்கல் என்று யாராவது சொன்னால் அவள் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

சரி, அவர் பிடிபட்டது எப்படி? இங்கேதான் சனியன் ஆரம்பிக்கிறது. நாற்பத்தொன்பதாம் வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கம்பளியால் தலையை மூடிக்கொண்டு வந்து கோயில் கதவோரம் நின்றார். கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கிய மனுஷன்தான், ஆனாலும் பாலன் பிறப்புப் பூசையை விட முடியவில்லை. மணி அடித்து முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் ஆள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சவேரியம்மாளைக் கேட்டால் பட்டென்று சொல்வாள்: கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வராத வேதக்காரன் எவன் இருக்கிறான்? அது தெரியாத போலீஸ்காரனும் உண்டா? வலை விரித்த இடத்துக்குக் கொழுக்கட்டை தின்ன வந்தார், மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம்.

அருளப்பனுக்கு அது போதவில்லை. பிடித்துக்கொண்டுபோய் அடித்தவர்கள், உன் வீட்டு ஆளே உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டான், நீ எதற்கு வாயை இறுக்கிக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லிச் சொல்லி அடித்தார்களாம். பேச வைக்க எல்லோரிடமும் சொல்கிற பொய் அது. கூட உள்ளே கிடந்தவர்களுக்கும் அதையே சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் வெளியே வந்ததும் துப்பிவிட்டார்கள். இவர் மட்டும் அதை விழுங்கி வயிற்றிலேயே வைத்துக்கொண்டார். வருஷக்கணக்கில் ஜெயிலில் கிடந்துவிட்டு வந்து முதல் காரியமாகச் சவேரியம்மாளின் அண்ணன் ஆரோக்கியத்தோடு பேச்சை நிறுத்தினார். ஏன் என்றால், அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு ஆரோக்கியத்தையும் போலீஸ் கொண்டுபோயிற்று. மூன்று நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். சும்மா விடுவார்களா? சொல்லியிருக்கிறான், அதனால் விட்டார்கள். இதுதான் அருளப்பனின் கணக்கு. ஆரோக்கியத்தால் அதற்கப்புறம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்று சவேரியம்மாள் ஆயிரம் தரம் சொல்லிவிட்டாள். எல்லாம் நடிப்பு என்பார். அப்படி எவன் நடிப்பான், வயிற்றுப்பிழைப்புக்கு மாமரம் ஏறுகிறவன்?

இப்போது ஆட்சியே மாறிப்போயிற்று. தடை போய் எத்தனையோ வருஷம். அவரோடு உள்ளே கிடந்தவர்கள் எலெக்‌ஷனில் நின்று ஜீப்பில் வருகிறார்கள், போலீஸ்காரன் சல்யூட் அடிக்கிறான். இவர் மட்டும் எந்தச் சத்தம் கேட்டாலும் கொல்லைக் கதவைப் பார்க்கிறார். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அந்தத் தூவானத்தில் நனைந்து நனைந்து சவேரியம்மாளுக்கு அலுத்துவிட்டது.

அவள் நனைந்தால் பரவாயில்லை. பெண்ணும் நனைந்தாளே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மேரிராணி ஸ்கூலுக்குப் போகிற வயசிலேயே யார் வந்து எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள், அப்பா ஊரில் இல்லை என்று சொல்லப் பழகியவள். இருபது வயசிலும் வெளியே யாராவது கூப்பிட்டால் முதலில் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். ஓசூரிலிருந்து பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு லேத் வேலைக்குப் போய்வருகிற ஜான்பீட்டருக்கு அவளைப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று தாய் கேட்டாள். பெண் சிரிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

"அங்க போனா யாரு கூப்பிட்டாலும் ஒடனே கதவத் தொறக்கலாம் இல்லம்மா," என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று சவேரியம்மாள் முடிவு கட்டினாள். அப்போதுதான் ஓலை வந்து குறுக்கே விழுந்தது.

வேதக்காரர் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், இதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசை நடுவில் வாசிப்பார்கள். காலம் காலமாக வாசிப்பது, யாரும் காது கொடுத்துக் கேட்பதுகூடக் கிடையாது. ஆனால் அருளப்பனுக்கு அறிவிக்க என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. என் பெயரைச் சொல்லி, இவனைப் பற்றித் தெரிந்ததை வந்து சொல் என்று கோயிலிலேயே கூவுகிறார்களா என்று குதித்தார். ஓலையே வேண்டாம் என்றார். மேற்றிராணியார், அதாவது பிஷப், உத்தரவு இல்லாமல் ஓலையை நிறுத்த முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். அது கிடக்கட்டும், ஓலை வாசிக்காமல் கல்யாணம் என்றால் ஊர் முதலில் பெண்ணின் வயிற்றைத்தானே பார்க்கும்? இதைச் சவேரியம்மாள் சொன்னதும் அருளப்பன் வாயை மூடினார்.

முதல் ஞாயிறு. சித்திரை வெயில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்திருக்க, அருளப்பன் வழக்கம்போலக் கடைசியில், கதவை ஒட்டி. சாமியார் ஓலையை வாசித்து, அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்த நிமிஷம் இவர் எழுந்து நின்றார். நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், சந்தையில் தொலைந்த மாட்டைத் தேடுகிறவர் மாதிரி. பிரசங்கம் ஆரம்பித்தும் உட்காரவில்லை. சவேரியம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் அவர் வீடு வீடாகப் போனார். சாமியாரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றவர்களிடம், ஒன்றும் இல்லையென்றால் ஏன் முழிக்கிறாய் என்றார். இரண்டாம் ஞாயிறு இன்னும் மோசம். பூசை முடிந்ததும் சாமியார் வீட்டு வாசலிலேயே போய் நின்றுகொண்டார், உள்ளே யார் போகிறார்கள் என்று பார்க்க. செத்த புருஷனுக்குப் பூசை வைக்கச் சொல்லப் போன சாந்தம்மாவை வழிமறித்து, என்ன சொல்லப் போகிறாய், என்னிடம் சொல்லிவிட்டுப் போ என்றார். அவள் போட்ட கூச்சலில் கோயில் வளாகமே கூடிவிட்டது. கூடினவர்களில் மாப்பிள்ளையின் தாய் தெரசம்மாளும் இருந்தாள். சம்பந்தி ஊரில் ஓலை வாசிப்பதைக் கேட்க ஆசைப்பட்டு அன்றைக்குத்தான் ஓசூரிலிருந்து வந்திருந்தாள். நல்ல நாள் பார்த்தாள், போங்கள்.

தெரசம்மாள் கத்துகிறவள் இல்லை. சவேரியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாகப் பேசினாள். பெண்ணின் அப்பனுக்கு மூளை கொஞ்சம் பிசகியிருந்தால் தான் பொறுத்துக்கொள்வதாகவும், ஜெயிலுக்குப் போனதைக்கூடத் தான் குறையாக நினைக்கவில்லை என்றும் சொன்னாள். ஆனால் தாய்மாமன் என்று ஒருவர் அதே கோயிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிறாரே, அது என்ன என்று கேட்டாள். சொந்த மாமனே ஒதுங்குகிற வீட்டில் என்னவோ இருக்கிறது என்றுதானே தன் சனம் பேசும்? மாமன் சீர் கொண்டுவந்து பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டி வர வேண்டும். அதற்கு வழி செய்தால் மூன்றாம் ஓலை, இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் ஏறிவிட்டாள்.

சவேரியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்புக்குப் போனாள். ஆரோக்கியம் கிளி விரட்டிக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்று அழுததும் அவருக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஜெயிலிலிருந்து வந்த நாளாக ஊர் நடுவில் என்னைக் காட்டிக் கொடுத்தவன் என்று முகத்தைத் திருப்புகிறான், அவன் வீட்டுப் பந்தலுக்கு நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வரவேண்டுமா என்று கேட்டார். தூக்கத்தான் முடியுமா, கை இருக்கிற இருப்பில்? அந்த மூன்று நாளில் உன் புருஷன் ஆனேக்கல்லில் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கை எனக்கு மிஞ்சியிருக்கும் என்றார். சவேரியம்மாளுக்கும் பொறுமை போய்விட்டது. நீங்கள் இரண்டு ஆம்பிளைகளும் அந்த வருஷத்திலேயே நின்றுகொள்ளுங்கள், என் பெண் மட்டும் ஏன் அதில் சாக வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

புதன்கிழமை காலை, லாரிக்காரர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, ஆரோக்கியம் கடைக்கு வந்தார். அருளப்பன் ஜெயிலிலிருந்து வந்த நாளாக அந்தக் கடைப் படியை மிதிக்காதவர். அருளப்பன் உள் பெஞ்சில் இட்லி தின்றுகொண்டிருந்தார். மேரிராணி மாவு வழித்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியம் உட்காரவில்லை.

"தெரிஞ்சவங்க வந்து அறிவிக்கணும்ன்னு சாமியார் ஓலைல சொன்னாரு இல்ல," என்றார். "அறிவிக்கத்தான் வந்திருக்கறன். நாந்தான் ஒன்னயக் காட்டிக் குடுத்தன். போதுமா?"

சவேரியம்மாள் கையிலிருந்த கரண்டி அடுப்பில் விழுந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு நொடி அவளும் நம்பிவிட்டாள். கூடப் பிறந்தவனுக்காக இத்தனை வருஷம் புருஷனோடு மல்லுக்கு நின்றவள், அந்த ஒரு நொடியில், அடப்பாவி, நீதானா என்று அண்ணனைப் பார்த்தாள். அந்த எண்ணம் வந்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அருளப்பன் எழவில்லை, கத்தவில்லை. தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். எந்த இடத்தில் வைத்துச் சொன்னாய்? ஸ்டேஷனில் என்றார் ஆரோக்கியம். யாரிடம்? இன்ஸ்பெக்டரிடம். ஆள் உயரமா, குட்டையா? உயரம் என்று சொல்லி, நடுத்தரம் என்று மாற்றினார் ஆரோக்கியம். முதல் நாளா, மூன்றாம் நாளா? இரண்டாம் நாள். இரண்டாம் நாள் சொன்னவனை மூன்றாம் நாள் வரைக்கும் எதற்கு வைத்திருந்தார்கள்? அதை அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார் ஆரோக்கியம். நான் கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்று உனக்கு யார் சொன்னது? அருளப்பன் குரலை உயர்த்தவே இல்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அந்தக் குரலைச் சவேரியம்மாள் கேட்டதில்லை. அது அவருடைய குரலே இல்லை, அவரை உட்கார வைத்துக் கேட்டவர்களுடைய குரல். அவர்கள் கேட்ட மாதிரியே, அதே வரிசையில் கேட்டுக்கொண்டு போனார்.

ஆரோக்கியத்தின் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

"எப்பிடிச் சொல்லணும்ன்னு நீயே சொல்லு மாப்ள, அப்பிடியே சொல்லிர்றன்," என்றார். "கொழந்த கல்யாணம் நிக்குது. எனக்கு வேற ஒண்ணியும் வேணாம்."

அருளப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, ஆரோக்கியத்தின் தூக்க முடியாத அந்த இடது கையைத் தொட்டார்.

"நீ இல்ல," என்றார். "அடி தாங்காம ஒத்துக்கறவன் மூஞ்சி எனக்குத் தெரியும். நானும் அப்பிடித்தான் ஒத்துக்கிட்டன். தண்டவாளத்தப் பேத்தன்னு சொன்னாங்க, ஆமான்னன். மில்லுக்குத் தீ வெச்சன்னு சொன்னாங்க, ஆமான்னன். தேதிகூட அவுங்களே சொன்னாங்க."

இந்தச் சங்கதியை அவர் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, சவேரியம்மாளிடமும் இல்லை. தன் புருஷன் ஜெயிலில் ஒரு வார்த்தை பேசாமல் அடி வாங்கினார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவரும் அவளை அப்படியே நினைக்க விட்டிருந்தார். அவள் அழுதாள். பாதி அவருக்காக, பாதி கோபத்தில். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? பொண்டாட்டியிடம்கூடச் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாட்டி எடுத்தாரே, அதை என்ன சொல்வது? மேரிராணி மாவுக் கையோடு எழுந்து வந்து மாமனுக்கு ஒரு மணையைப் போட்டாள். ஆரோக்கியம் உட்கார்ந்தார். சவேரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நாலு இட்லி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கலாம், சீர் கொண்டுவரலாம், பெண் ஓசூருக்குப் போகலாம். அந்த நிம்மதியில் அவள் கேட்காமலே இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றினாள்.

ஆரோக்கியம் இரண்டு இட்லி தின்று முடிக்கிற வரைக்கும் அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் காதுப்பக்கம் குனிந்தார்.

"அப்ப வேற யாரு மச்சான்?"

பத்தொன்பது வருஷத்துக்கப்புறம் மச்சான் என்று கூப்பிட்டிருக்கிறார். சவேரியம்மாளுக்கு அதற்காகச் சந்தோஷப்படுவதா, மிச்சத்துக்காகத் தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. யாரும் இல்லை, சாப்பிடு என்று அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் என்று எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஆரோக்கியம் கையில் பிட்ட இட்லியை அப்படியே வைத்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் யார் யார் நின்றார்கள் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்.